ஃபார்மேட் போட்டுவிடலாமா, சார்?

சென்ற வாரம் என் பேரன் தன் பழைய லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு வந்தான். விண்டோஸ் 10. பத்து நிமிடம் ஓடினால் தானாக அணைந்துவிடுகிறதாம். "தாத்தா, ரீசெட் பண்ணிடறேன், எல்லாம் சரியாயிடும்" என்று சொல்லிக்கொண்டே மவுஸை அந்தப் பட்டனுக்குக் கொண்டுபோய்விட்டான். நான் போட்ட சத்தத்தில் சமையலறையிலிருந்து என் மனைவி ஓடி வந்தாள். அடியில் இருந்த திருகுகளைக் கழற்றிப் பார்த்தால் விசிறி முழுக்கத் தூசிப் பஞ்சு. பழைய டூத் பிரஷ்ஷால் சுத்தம் செய்தவுடன் சரியாகிவிட்டது. சூடு தாங்காமல் தன்னைத் தானே அணைத்துக்கொண்டிருக்கிறது, பாவம். விண்டோஸுக்கும் அதற்கும் ஒரு சம்பந்தமும் இல்லை.

"இதுக்கு ஏன் தாத்தா அப்படிக் கத்தினீங்க?" என்று கேட்டான். அவனுக்கு அப்போது பதில் சொல்லவில்லை. இங்கே எழுதுகிறேன். கொஞ்சம் சுற்றி வளைத்துத்தான் வர வேண்டியிருக்கிறது.

நான் தொலைபேசித் துறையில் 33 ஆண்டுகள் வேலை பார்த்தவன் என்பது இந்தப் பக்கத்துக்கு வழக்கமாக வருகிறவர்களுக்குத் தெரியும். பூமிக்கடியில் போகும் கேபிளில் பழுது என்றால் எடுத்த எடுப்பில் யாரும் மண்வெட்டியைத் தூக்க மாட்டார்கள். பிரிட்ஜ் மெகர் வைத்து அளந்து, எக்சேஞ்சிலிருந்து எத்தனை மீட்டரில் பழுது என்று கணக்குப் போட்ட பிறகுதான் குழி. மழை பெய்தால் மட்டும் வருகிற பழுதா, எப்போதும் இருக்கிற பழுதா என்று முதலில் கேட்க வேண்டும். பாதிக் கேள்வியிலேயே பாதிப் பழுது தெரிந்துவிடும். அளக்காமல் தோண்டினால் ரோடும் பாழ், பேரும் பாழ். இந்தப் பாடத்தை எனக்குக் கற்றுக்கொடுத்தவர்கள் லைன்மேன்கள். கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்ததும் அதை நான் எப்படி மறந்தேன் என்பதுதான் இந்தக் கதை.

இந்தியாவில் விஎஸ்என்எல் இணையச் சேவையைப் பொதுமக்களுக்குத் திறந்தது 1995 ஆகஸ்ட் 15. விண்டோஸ் 95 வெளிவந்தது அதே ஆகஸ்ட் 24. ஒன்பது நாள் இடைவெளியில் வந்த இந்த இரண்டும்தான் பின்னாளில் எங்கள் காலனியில் என்னை 'கம்ப்யூட்டர் டாக்டர்' ஆக்கின. 1997-ல் நான் ஒரு அசெம்பிள் செய்த பென்டியம் வாங்கினேன். அதில் மோடம் போட்ட அன்று ஆரம்பித்தது வினை. மோடம் டயல் செய்தவுடன் மவுஸ் செத்துவிடும். போனை வைத்தால் மவுஸ் பிழைத்துக்கொள்ளும். நான் மூன்று மவுஸ் மாற்றிப் பார்த்தேன்.

விஷயம் இதுதான். அந்தக் காலத்துக் கம்ப்யூட்டரில் ஒவ்வொரு உறுப்பும் "எனக்கு வேலை வந்திருக்கிறது, என்னைக் கவனி" என்று பிராசஸரைக் கூப்பிட ஒரு மணி இருக்கும். ஐஆர்க்யூ என்பார்கள். 0 முதல் 15 வரை மொத்தமே 16 மணிகள். அவற்றில் பாதிக்கு மேல் ஏற்கெனவே ஒதுக்கீடு ஆகியிருக்கும். மவுஸ் இருந்த காம் 1-க்கும் மோடம் இருந்த காம் 3-க்கும் பொதுவாக ஒரே மணிதான், 4-ம் எண். ஒரே அழைப்பு மணியை இரண்டு வீட்டுக்கும் மாட்டினால் என்ன ஆகுமோ அதுதான் ஆயிற்று. மோடத்தில் இருந்த ஒரு சின்ன ஜம்பரைப் பிடுங்கி அடுத்த ஊசியில் செருகியதும் தீர்ந்தது. விண்டோஸ் 95 வந்தபோது, எதைச் செருகினாலும் தானே கண்டுபிடித்துக்கொள்ளும், இனி ஜம்பர் கவலையே இல்லை என்று விளம்பரம் செய்தார்கள். செருகிவிட்டுச் சாமி கும்பிட வேண்டும் என்பது எங்கள் அனுபவம்.

இது நமக்கு மட்டும் நேர்ந்த கதி அல்ல. 1998 ஏப்ரலில் சிகாகோ காம்டெக்ஸ் கண்காட்சியில், பில் கேட்ஸ் மேடையில் நிற்க, அவர் உதவியாளர் விண்டோஸ் 98-ன் பெருமையைக் காட்டுவதற்காக ஒரு ஸ்கேனரைச் செருகினார். அத்தனை பேர் முன்னிலையிலும் நீலத்திரை வந்தது. அரங்கமே சிரித்துக் கைதட்டியது. அந்தக் காட்சியைப் பிறகு பார்த்தபோது எனக்கு ஏனோ ஒரு ஆறுதல்.

அந்தக் காலப் பழுதுகளில் சில, துப்பறியும் கதைகளைவிடச் சுவையானவை. விண்டோஸ் 95, 98 இரண்டிலும் ஒரு பிழை இருந்தது. கம்ப்யூட்டரை அணைக்காமல் ஓடவிட்டால் 49.7 நாளில் உறைந்து நின்றுவிடும். உள்ளே மில்லி செகண்டுகளை எண்ணிக்கொண்டிருந்த கணக்கு 32 பிட் அளவுள்ளது. 429 கோடியே 49 லட்சத்துச் சொச்சம் வரை எண்ணிவிட்டு மறுபடி பூஜ்யத்துக்குப் போய்விடும். அதை நாளாக மாற்றினால் 49.7. இந்தப் பிழை வெளியே தெரிந்தது 1999-ல். ஏறக்குறைய நான்கு வருடம் யாருக்கும் தெரியவில்லை. ஏனென்றால் அத்தனை நாள் நிற்காமல் ஓடிய விண்டோஸே அபூர்வம். எங்கள் பேட்டையில் ஒன்பது நாள் தொடர்ந்து கரண்ட் இருந்ததாகவே எனக்கு ஞாபகமில்லை. ஆகவே இந்தப் பிழையிலிருந்து எங்களைக் காப்பாற்றியது மின்வாரியம்.

இன்னொன்று. ஏஎம்டி கே6-2 பிராசஸரில் 350 மெகாஹெர்ட்ஸும் அதற்கு மேலும் உள்ளதை வாங்கி விண்டோஸ் 95 போட்டால், கிளம்பும்போதே 'விண்டோஸ் ப்ரொடெக்ஷன் எரர்' என்று படுத்துவிடும். எல்லோரும் பிராசஸர் கோளாறு என்றார்கள். உண்மையில் பிராசஸர் ஒரு வேலையை மிக வேகமாக முடித்துவிட்டது. விண்டோஸ் ஒரு சுற்றை ஓடவிட்டு, அதற்கு எவ்வளவு நேரம் ஆயிற்று என்று பார்த்து, அந்த நேரத்தால் வகுக்கும். வேகமான பிராசஸரில் அந்த நேரம் பூஜ்யம் என்று வந்துவிட்டது. பூஜ்யத்தால் வகுக்கச் சொன்னால் யார்தான் படுக்க மாட்டார்கள்?

சாதாரணப் பழுதுகளுக்குச் சாதாரண வைத்தியம் இருந்தது. போட்டவுடன் விடாமல் பீப் பீப் என்று கத்தினால் பெரும்பாலும் ரேம். கழற்றி, அதன் பித்தளை நிறப் பற்களைப் பள்ளிக்கூட ரப்பரால் தேய்த்து மறுபடி செருக வேண்டும். என் கருவிப் பெட்டியில் ஸ்க்ரூ டிரைவருக்கு அடுத்த இடம் ரப்பருக்குத்தான். தேதி தினமும் பழைய வருஷத்துக்குப் போனால் மதர்போர்டில் உள்ள சிஆர் 2032 பேட்டரியை மாற்ற வேண்டும். கேபினெட்டைத் தொட்டால் சுரீர் என்றால் வீட்டில் எர்த் இல்லை, எலக்ட்ரீஷியனைக் கூப்பிட வேண்டும். ஒன்றுமே ஓடாமல் 'நான் சிஸ்டம் டிஸ்க்' என்று வந்தால், பிள்ளைகள் ஃப்ளாப்பியை உள்ளேயே விட்டிருக்கிறார்கள்.

இதெல்லாம் அளந்து தோண்டுகிற வைத்தியம். ஆனால் 1999-க்குப் பிறகு காற்று மாறியது. அந்த வருடம் ஏப்ரல் 26 அன்று சிஐஎச் என்ற வைரஸ் உலகம் முழுக்க வெடித்தது. செர்னோபில் விபத்தின் நினைவு நாள் என்பதால் செர்னோபில் வைரஸ் என்றும் சொன்னார்கள். தைவானில் ஒரு மாணவர் எழுதியது. ஹார்ட் டிஸ்கின் தலைப்பகுதியை அழித்ததோடு நிற்காமல், பல மதர்போர்டுகளில் பயாஸையும் அழித்துவிட்டது. அதிலிருந்து ஜனங்களுக்கு எதற்கெடுத்தாலும் வைரஸ் பயம். பயந்தவனுக்கு ஒரே மந்திரம், ஃபார்மேட். கடைக்காரருக்கும் அது வசதி. பழுதைத் தேடினால் ஒரு நாள் போகும், கிடைக்காமலும் போகலாம். ஃபார்மேட் என்றால் இரண்டு மணி நேரம், நிச்சயக் கூலி. "ஃபார்மேட் போட்டுடலாமா சார்?" என்ற கேள்வியைக் கேட்காத கடை அந்த நாளில் கிடையாது. நானும் கேட்க ஆரம்பித்துவிட்டேன்.

அந்த மந்திரம் பலிக்காது என்பதை 2003 ஆகஸ்டில் பிளாஸ்டர் புழு வந்தபோதே நான் கற்றிருக்க வேண்டும். விண்டோஸ் எக்ஸ்பி இன்னும் 60 விநாடியில் அணைந்துவிடும் என்று கடிகாரம் காட்டும், அணையும். எங்கள் காலனியில் நாலைந்து வீட்டில் நான் ஃபார்மேட் போட்டு எக்ஸ்பியைப் புதிதாக ஏற்றினேன். ஒட்டுப்போடும் கோப்பை இறக்குவதற்காக இணையத்தில் சேர்ந்த சில நிமிடத்தில் மறுபடி 60, 59, 58. புழு வெளியே காத்துக்கொண்டிருந்தது. வீட்டைக் கழுவிவிட்டுக் கதவைத் திறந்தே வைத்தால்? எக்ஸ்பியிலேயே இருந்த ஃபயர்வாலை முதலில் போட்டுவிட்டு, பிறகு இணையத்தில் சேர்ந்து ஒட்டுப் போட வேண்டும். அவ்வளவுதான். ஃபார்மேட்டே தேவையில்லை. அதற்கான ஒட்டு, புழு வருவதற்கு முன் ஜூலையிலேயே வந்திருந்தது என்பது வேறு விஷயம்.

இனி ஐயாவின் கதைக்கு வருகிறேன்.

எங்கள் வீட்டுக்குக் கீழ் வீட்டில் ஓய்வுபெற்ற தமிழாசிரியர் ஒருவர் இருந்தார். நான் அவரை ஐயா என்பேன், அவர் என்னை சார் என்பார். அவருடைய அப்பா பர்மாவில் மண்டலேயில் கணக்கெழுதியவர். 1942-ல் ஜப்பான்காரன் குண்டு போட்டபோது ஆயிரக்கணக்கானோருடன் நடந்தே இந்தியாவுக்கு வந்தவர். மண்டலேயிலிருந்து எல்லையோரத் தமு, அங்கிருந்து மலையேறி மணிப்பூர், பிறகு திமாபூர் ரயில். வழியில் ஒரு தங்கையைப் பறிகொடுத்தார். அவர் சாகும்வரை சொன்னதையெல்லாம் ஐயா துண்டுத் தாள்களில் குறித்து வைத்திருந்தார். 2001-ல் மகன் வாங்கிக் கொடுத்த விண்டோஸ் 98 கம்ப்யூட்டரில், தன் 66-ம் வயதில் தட்டச்சு பழகி, மூன்று வருடம் உட்கார்ந்து அதை எழுதி முடித்தார். எழுதி முடித்த தாள்களைக் கிழித்துப் போட்டுக்கொண்டே வந்தார். "அதான் உள்ளே பத்திரமா இருக்கே சார்!"

2004 மே மாதம் அந்தக் கம்ப்யூட்டருக்கு நீலத்திரை வியாதி வந்தது. ஃபேட்டல் எக்செப்ஷன் என்று ஒரு வரி, கூடவே ஒரு நீளமான முகவரி எண். ஐயா ஒவ்வொரு முறையும் அந்த எண்ணை ஒரு நோட்டில் எழுதி வைத்திருந்தார். தமிழாசிரியர் அல்லவா, ஒழுங்கு. என்னிடம் காட்டினார். பத்துப் பன்னிரண்டு எண்கள். ஒன்று போல் இன்னொன்று இல்லை. தேதியும் மணியும்கூட எழுதியிருந்தார். எல்லாம் பிற்பகல் இரண்டு மணிக்கு மேல்.

அந்த நோட்டிலேயே விடை இருந்தது. மென்பொருள் பழுது என்றால் பெரும்பாலும் அதே இடத்தில் திரும்பத் திரும்ப இடறும். இடம் மாறி மாறி இடறினால் ரேமையோ மின் ஓட்டத்தையோ சந்தேகிக்க வேண்டும். வெயில் ஏறின பிறகு மட்டும் வந்தால் அந்தச் சந்தேகம் உறுதி. ஒரு லைன்மேனிடம் இப்படி ஒரு நோட்டைக் கொடுத்திருந்தால் அடுத்த நிமிடம் சொல்லியிருப்பார். நான் அதைப் புரட்டிப் பார்த்துவிட்டு, "ரொம்ப நாளாச்சு ஐயா, ஃபார்மேட் போட்டுடலாம்" என்றேன்.

மை டாகுமென்ட்ஸில் இருந்ததை எல்லாம் டி டிரைவுக்கு நகலெடுத்தேன். பூட் ஃப்ளாப்பியைப் போட்டேன். சி டிரைவை அழித்தேன். விண்டோஸ் 98 ஏற்றினேன். மாலை காபி கொடுத்தார்கள். ஐயா நாற்காலியில் உட்கார்ந்து, "அப்பாவைத் திறந்து காட்டுங்க சார்" என்றார். அந்தப் பெயரில்தான் ஃபோல்டர் வைத்திருந்தார். தேடினேன். இல்லை. அந்த நாளைய தமிழ் எழுதும் மென்பொருள்கள் சில, நாம் வேறு இடம் சொல்லாவிட்டால் தங்கள் சொந்த ஃபோல்டருக்குள்ளேயே கோப்பைச் சேமிக்கும். ஐயாவின் மென்பொருள் அந்த வகை. அது அதன் குற்றமல்ல. பார்க்காதது நான்.

ஐயா ஒன்றும் சொல்லவில்லை. கொஞ்ச நேரம் திரையையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "காபி ஆறிடும், குடிங்க" என்றார்.

மூன்றாவது வாரம் அதே நீலத்திரை மறுபடி வந்தது.

அப்போதுதான் எனக்குப் புத்தி வந்து, மதர்போர்டைக் கழற்றிச் சென்னை ரிச்சி தெருவுக்குக் கொண்டுபோனேன். ஒரு மாடிப்படிக்குக் கீழே மேசை போட்டிருந்த பையன், இருபது வயதுகூட இருக்காது, எந்தக் கருவியும் எடுக்கவில்லை. போர்டை வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தான். "கெபாசிட்டர் வீங்கியிருக்கு பாருங்க சார், ஆறு." பிராசஸரைச் சுற்றி நின்ற சின்ன அலுமினியக் குப்பிகள். தட்டையாக இருக்க வேண்டிய தலை, உப்பின பூரி மாதிரி எழும்பியிருந்தது. ஒன்றின் தலையில் பழுப்பாகக் கசிவு.

அது உலகம் முழுக்க நடந்துகொண்டிருந்த ஒரு கொள்ளை நோய் என்பதைப் பிறகு படித்துத்தான் தெரிந்துகொண்டேன். 1990-களின் கடைசி முதல் சுமார் 2007 வரை தயாரான மதர்போர்டுகளில் ஏராளமானவை இப்படிச் செத்தன. கெபாசிட்டருக்குள் இருக்கும் மின்பகு திரவத்தின் கலவை சரியில்லை. நாளாக ஆக உள்ளே ஹைட்ரஜன் வாயு சேர்ந்து, தலை வீங்கும். வாயு வெடிக்காமல் வெளியேறத்தான் தலையில் சிலுவை மாதிரி கீறல் போட்டிருக்கிறார்கள். அந்தத் திரவத்தின் சூத்திரம் ஒரு கம்பெனியிலிருந்து அரைகுறையாகத் திருடப்பட்டது என்றும், முக்கியமான ஒரு சேர்மானம் விட்டுப்போனது என்றும் அப்போது பத்திரிகைகள் எழுதின. பிராசஸருக்கு ஒன்றரை வோல்ட்டுக்குச் சற்று மேலே, ஆடாமல் அசையாமல் மின்சாரம் வேண்டும். அந்த ஆட்டத்தை அடக்குவதுதான் இந்தக் குப்பிகளின் வேலை. அவை வீங்கினால் மின்சாரம் தள்ளாடும், பிராசஸர் தப்புக் கணக்குப் போடும், பழி விண்டோஸ் மேல் விழும். வெயில் காலத்தில் இன்னும் மோசம். பையன் 105 டிகிரி தாங்கும் கெபாசிட்டர்கள் ஆறு வைத்துப் பற்றவைத்துக் கொடுத்தான். அதன்பின் அந்தக் கம்ப்யூட்டர் நான்கு வருடம் ஒரு முறைகூடப் படுக்கவில்லை.

ஆக, நான் போட்ட ஃபார்மேட்டினால் ஒரு பயனும் இல்லை.

அழிந்ததை மீட்க முடியுமா என்று பார்த்தேன். ஒரு விஷயம் சொல்ல வேண்டும். விண்டோஸ் எக்ஸ்பி காலம் வரை ஃபார்மேட் என்பது டிஸ்கில் உள்ள எழுத்தை அழிக்காது. எந்தக் கோப்பு எங்கே இருக்கிறது என்ற பட்டியலை மட்டும் துடைத்துவிட்டு, மற்ற இடத்தைச் சரிபார்த்துக்கொண்டு போகும். (விஸ்டாவிலிருந்துதான் முழு ஃபார்மேட் எல்லா இடத்திலும் பூஜ்யத்தை எழுத ஆரம்பித்தது.) என் துரதிர்ஷ்டம், அதற்கு மேலேயே நான் விண்டோஸை ஏற்றி, மூன்று வாரம் ஓட்டியும் ஆயிற்று. இருந்தாலும் அந்த ஹார்ட் டிஸ்கின் ஜம்பரை ஸ்லேவுக்கு மாற்றி என் கம்ப்யூட்டரில் மாட்டினேன். மீட்பு மென்பொருள் ஒன்றை ஓடவிட்டு, துண்டு துண்டாகப் பார்த்தேன். ஒரு துண்டு 4 கிலோபைட். பட்டியல் போய்விட்டதால் எந்தத் துண்டு எதற்கு அடுத்தது என்று தெரியாது.

இங்கே தமிழே கைகொடுத்தது. ஐயா எழுதியது திஸ்கி என்ற குறியீட்டில். யூனிகோட் பரவுவதற்கு முன் நம்மவர்கள் பல நாடுகளிலிருந்து மின்னஞ்சலில் விவாதித்து உருவாக்கியது. 1999-ல் சென்னையில் நடந்த தமிழ்நெட் 99 மாநாட்டுக்குப் பிறகு தமிழக அரசு டாப், டாம் என்று வேறு இரண்டு குறியீடுகளை ஏற்றது தனிக் கதை. திஸ்கி எழுத்துரு இல்லாமல் பார்த்தால் 'தமிழ்' என்ற சொல், முக்கால் என்ற பின்னக் குறி, தலையில் கோடு போட்ட ஒரு ஆங்கில ஏ, சென்ட் காசுக் குறி, தலையில் கோடு போட்ட ஒரு யு என்று தெரியும். தெரியாதவன் குப்பை என்று தள்ளிவிடுவான். 1990-களின் இறுதியிலிருந்தே இந்தக் குப்பையில் மின்னஞ்சல் படித்துப் பழகியவன் நான். ஆயிரக்கணக்கான துண்டுகளுக்கு நடுவே முக்கால் குறி மொய்க்கிற இடமாகப் பார்த்துப் பொறுக்கினேன். இரவு பத்துக்கு உட்கார்ந்தால் இரண்டு மணி ஆகும். ஒன்றரை மாதம்.

140 பக்கத்தில் 31 பக்கம் கிடைத்தது. மண்டலேயில் குண்டு விழுந்த நாள் இருந்தது. தமு வரைக்குமான நடை விட்டு விட்டு இருந்தது. திமாபூரில் ரயிலுக்குக் காத்திருந்த இரண்டு நாள் இருந்தது. தமுவுக்கும் திமாபூருக்கும் நடுவே ஒரு வரியும் இல்லை. அத்தை போனது அங்கேதான். ஐயா திரும்ப எழுத உட்கார்ந்தார். ஆனால் தாள்கள் போய்விட்டன, கண்ணிலும் புரை. இரண்டு மூன்று பக்கத்தோடு நிறுத்திவிட்டார்.

2006-ல் ஒரு நாள் மறுபடி கூப்பிட்டு அனுப்பினார். சிடி டிரைவ் தட்டு வெளியே வரவில்லை. நான் கம்ப்யூட்டர் பக்கம் போவதற்கு முன், மடித்த ஒரு தாளைக் கையில் கொடுத்தார். எந்தெந்த ஃபோல்டரில் என்னென்ன இருக்கிறது என்று மணி மணியான கையெழுத்தில் எழுதியிருந்தார். "தப்பா நினைச்சுக்காதீங்க சார்." தட்டைக் குண்டூசியால் குத்தித் திறப்பதற்கு அந்தப் பட்டியல் தேவையே இல்லை. ஆனாலும் முழுக்கப் படித்துவிட்டுத்தான் தொட்டேன்.

2011-ல் ஐயா காலமானார். அடுத்த வருடம் அந்த 31 பக்கத்தையும் யூனிகோடுக்கு மாற்றி, அச்செடுத்து, ஸ்பைரல் பைண்டிங் போட்டு அவருடைய மகளிடம் கொடுத்தேன். அவள் அங்கேயே உட்கார்ந்து படித்தாள். "தமுவுக்கு அப்புறம் உள்ளதுதான் மாமா அப்பா அடிக்கடி சொல்ல நினைச்சு சொல்லாமலே விட்டுடுவாங்க" என்றாள். அது எப்படிப் போயிற்று என்று அவளிடம் நடந்ததை நடந்தபடி சொன்னேன். அவள் என்னை நிமிர்ந்து பார்த்தாள். கரண்ட் கோளாறில் போய்விட்டது என்றுதான் ஐயா வீட்டில் எல்லோரிடமும் சொல்லியிருந்தாராம்.